பன்னிரண்டு பேரும் இருபத்துநான்கு கேள்விகளும்

நேர நிர்வாகம் பற்றி எழுதப்படும் புத்தகங்களில் பெஞ்சமின் பிராங்க்ளினுடைய தினசரி அட்டவணை தவறாமல் இடம்பெறும். காலை ஐந்து மணிக்கு எழுவது, எட்டு மணிக்குள் ஸ்நானம், பிரார்த்தனை, படிப்பு, சிற்றுண்டி, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வேலை, இரண்டு மணி நேரம் சாப்பாடும் கணக்குப் பார்ப்பதும், மறுபடி ஆறு மணி வரை வேலை, பிறகு சாமான்களை எடுத்த இடத்தில் வைப்பது, சங்கீதம், சம்பாஷணை, பத்து மணிக்குப் படுக்கை. காலையில் "இன்று என்ன நல்லது செய்யப் போகிறேன்?" என்றும், இரவில் "இன்று என்ன நல்லது செய்தேன்?" என்றும் தன்னையே கேட்டுக்கொள்வாராம். அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் இதைத் திரையில் போட்டுக் காட்டாத ஆசிரியர் அபூர்வம்.

நம்மவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சாயங்கால ஸந்தியில் தீர்த்தத்தை உட்கொள்ளும் முன் சொல்லும் மந்திரம், அன்று பகலில் மனதாலும் வாக்காலும் கைகால்களாலும் செய்த பாபங்களைப் பட்டியல் போட்டு நிவர்த்தி கேட்கிறது. பிராங்க்ளின் அதையே சிவப்பு மையில் கட்டம் போட்டுச் செய்தார். மிதாகாரம், மௌனம், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு என்று பதின்மூன்று குணங்கள். சின்ன நோட்டில் குணத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஏழு பத்தி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கிழமை. தவறினால் கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தில் விசேஷ கவனம் என்று வைத்தால் பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நான்கு சுற்று. அழித்து அழித்து எழுதியதில் காகிதம் ஓட்டையாகிப் போய், கடைசியில் தந்தத் தகடுகளில் பென்சிலால் புள்ளி வைத்து ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். பணிவு என்ற பதின்மூன்றாவது குணம் முதல் பட்டியலில் இல்லை. க்வேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்த ஒரு நண்பர், "உனக்குக் கர்வம் அதிகம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்" என்று சொன்ன பிறகு சேர்த்ததுதான்.

பயிற்சி வகுப்புகளில் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் இங்கே உண்டு. அந்த அட்டவணை அவருக்கே சரிப்பட்டு வரவில்லை! 'ஒழுங்கு' என்ற குணம்தான் தன்னை மிகவும் வாட்டியது என்று சுயசரிதத்தில் அவரே எழுதுகிறார். கூலிக்கு அச்சுக் கோப்பவனுக்கு நேரப்படி நடப்பது சாத்தியம். முதலாளியாகிவிட்டால் நாலு பேர் அவரவர் சௌகரியப்படி வந்து கதவைத் தட்டுவார்கள், அட்டவணை என்ன செய்யும் என்கிறார். கோடாலி முழுவதும் பளபளவென்று இருக்கவேண்டும் என்று கேட்டவன், சாணைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்து, "புள்ளி விழுந்த கோடாலியே நன்றாயிருக்கிறது, கொடுத்துவிடு" என்று வாங்கிக்கொண்டு போன கதையையும் தன்னைக் குறித்தே சொல்லிச் சிரிக்கிறார்.

அப்படியானால் பதினேழு வயதில், பாக்கெட்டில் ஒரு டாலரும் கொஞ்சம் செப்புக் காசுமாக 1723-ல் பிலடெல்பியாவில் வந்து இறங்கிய பையன், 42-வது வயதில், 1748-ல், தொழிலைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கும் அளவுக்கு உயர்ந்தது எப்படி? புத்தி, உழைப்பு, மனைவி டெபோரா இவையெல்லாம் காரணம்தான். அந்த அம்மாள் கடையைக் கவனித்தார், புத்தகங்களை மடித்துத் தைத்தார், காகித ஆலைக்காகக் கந்தல் துணி வாங்கிச் சேர்த்தார். ஆனால் சுயசரிதத்தை நிதானமாகப் படிப்பவர்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். அதுதான் வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டம். நம்மைப் போன்ற சங்கங்களில் வருஷக் கணக்காக இருப்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியது அட்டவணையைவிட இந்தக் கூட்டத்தைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

1727-ம் வருஷம் இலையுதிர் காலம். பிராங்க்ளினுக்கு வயது 21. கெய்மர் என்பவருடைய அச்சகத்தில் வேலை. தெரிந்த இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சபை ஆரம்பித்தார். பெயர் ஜுன்டோ. ஊரார் வைத்த பெயர் 'தோல் ஏப்ரன் கிளப்', அதாவது பட்டறைக்காரர்கள் சங்கம். முதலில் ஒரு மதுக்கடையில் கூடினார்கள். பிறகு அங்கத்தினர் ஒருவர் வீட்டில் இதற்கென்று ஓர் அறை. பன்னிரண்டு பேருக்குமேல் சேர்ப்பதில்லை என்று வரம்பு.

யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால்தான் சுவாரஸ்யம். பத்திரங்களை நகல் எடுத்துப் பிழைத்த ஜோசப் பிரெயின்ட்னால், கிடைத்ததையெல்லாம் படிப்பவர், கவிதையும் எழுதுவார். ஜன்னல் கண்ணாடி பொருத்தும் தாமஸ் காட்ஃப்ரே, தானாகவே கணிதம் கற்று, கப்பலோட்டிகளுக்கான கோணமானி ஒன்றை உருவாக்கியவர். நில அளவையாளர் நிகோலஸ் ஸ்கல். செருப்புத் தைக்கும் வில்லியம் பார்சன்ஸ், ஜோதிடம் பார்க்கவேண்டும் என்பதற்காகக் கணிதம் கற்கப் புகுந்து, பிறகு மாகாணத்தின் தலைமை நில அளவை அதிகாரி ஆனவர். (ஜோதிடத்தைப் பிற்பாடு அவரே கேலி செய்தாராம்.) தச்சர் வில்லியம் மாக்ரிட்ஜ். கெய்மரின் அச்சகத்திலிருந்து ஹ்யூ மெரிடித், ஸ்டீபன் பாட்ஸ், ஜார்ஜ் வெப். கையில் கொஞ்சம் பணமுள்ள ராபர்ட் கிரேஸ். வியாபாரியிடம் குமாஸ்தாவாக இருந்த வில்லியம் கோல்மன், பிறகு பெரிய வியாபாரியாகவும் நீதிபதியாகவும் உயர்ந்தார். பதவியோ குலப்பெருமையோ பேச இவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை.

கூட்டத்துக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. முறைவைத்து ஒவ்வொருவரும் நீதி, அரசியல், இயற்கை விஞ்ஞானம் இவற்றில் ஏதாவது ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும். விவாதம் உண்மையைத் தேடுவதற்காக இருக்கவேண்டுமே தவிர ஜெயிப்பதற்காக அல்ல. "நிச்சயமாக இப்படித்தான்" என்று அடித்துப் பேசினாலோ, எதிராளியை நேருக்கு நேர் மறுத்தாலோ சிறு தொகை அபராதம்! நம் பொதுக்குழுக் கூட்டங்களில் இந்த விதி இருந்தால் கட்டிட நிதி எப்போதோ சேர்ந்திருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார்.

இதற்கெல்லாம் முன்னால், ஒவ்வொரு வாரமும் வாசிக்கப்படும் இருபத்துநான்கு நிரந்தரக் கேள்விகள் இருந்தன. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையே ஒரு கோப்பை ஒயின் நிரப்பிக் குடிக்க அவகாசம். (நாம் காபியோடு நிறுத்திக்கொள்ளலாம்.) சில கேள்விகளின் சாரத்தை மட்டும் சொல்கிறேன். சமீபத்தில் ஊரில் யாராவது தொழிலில் நொடித்துப் போனார்களா, காரணம் என்ன? யாராவது நன்றாக முன்னுக்கு வந்தார்களா, எந்த வழியில்? வெளியூரிலிருந்து தகுதியுள்ள புது ஆள் யாராவது வந்திருக்கிறாரா, அவருக்கு நாம் என்ன செய்யலாம்? புதிதாகத் தொழில் ஆரம்பித்திருக்கும் நல்ல இளைஞன் எவனாவது உண்டா, அவனுக்குக் கைகொடுக்க முடியுமா? உங்கள் நற்பெயருக்கு யாராவது களங்கம் சொன்னார்களா, அதை நீக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்? உங்கள் மனதில் இருக்கும் நியாயமான காரியம் எதற்காவது எங்கள் உதவி தேவையா?

கடைசியாகச் சொன்ன அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். உதவி கேட்பதற்குத்தான் மனிதன் கூசுகிறான். வேலை போனவனோ வியாபாரத்தில் அடிபட்டவனோ தானாக வாயைத் திறப்பதில்லை, முக்கியமாக நம்மவர்கள். "எப்படி இருக்கேள்?" என்றால் "பகவான் க்ருபையில் சௌக்யம்" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் வாராவாரம் எல்லோரையும் பார்த்து ஒரே கேள்வி சடங்குபோல் வாசிக்கப்படும்போது, பதில் சொல்வதில் வெட்கம் போய்விடுகிறது. இந்தக் கேள்விகளுக்கு முன்மாதிரி, பாஸ்டன் நகரப் பாதிரியார் காட்டன் மாதர் பேட்டை தோறும் அமைத்த நற்பணிச் சபைகள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1710-ல் வெளிவந்த மாதரின் புத்தகம் தன் வாழ்க்கையைப் பாதித்தது என்று பிராங்க்ளினே சொல்லியிருக்கிறார். மாதருடைய சபைகள் அண்டை அயலாரின் ஒழுக்கத்தைக் கண்காணித்தன. பிராங்க்ளின் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு அதில் தொழிலையும் படிப்பையும் பொருத்தினார்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1728-ல் பிராங்க்ளினும் மெரிடித்தும் சேர்ந்து சொந்த அச்சகம் திறந்தார்கள். பிரெயின்ட்னால், க்வேக்கர்களின் சரித்திரப் புத்தகத்தில் நாற்பது படிவங்களை அச்சிடும் வேலையை வாங்கிக் கொடுத்தார். குறைந்த கூலி. தினம் ஒரு படிவம் கோத்தே தீருவது என்று பிராங்க்ளின் இரவு பதினொரு மணிக்குமேல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கோத்து முடித்த இரண்டு பக்கம் கை தவறிச் சிதறிவிட்டது; அத்தனை எழுத்தையும் திரும்பப் பிரித்துக் கோத்துவிட்டுத்தான் தூங்கப் போனார். இந்த உழைப்பு அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டு, ஊரில் பேச்சாகி, வியாபாரிகள் சரக்குக் கடனாகத் தர முன்வந்தார்கள். நண்பர் வாங்கிக் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வதால் வரும் பெயர் இருக்கிறதே, அதற்கு எந்த விளம்பரமும் ஈடில்லை.

பெரிய சோதனை பின்னால் வந்தது. மெரிடித்தின் தகப்பனார் தருவதாகச் சொன்ன முதலில் நூறு பவுன்தான் வந்தது. இன்னொரு நூறுக்குக் கடன்காரன் வழக்குப் போட்டுவிட்டான். அச்சு இயந்திரமே ஏலத்துக்குப் போகும் நிலை. அப்போது ஜுன்டோ நண்பர்கள் கோல்மனும் கிரேஸும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக, கேட்காமலே தனித்தனியே வந்து முழுத் தொகையையும் தருகிறோம் என்றார்கள். குடியும் சூதாட்டமுமாக இருந்த மெரிடித்தோடு கூட்டு வேண்டாம் என்பதையும் சொன்னார்கள். மெரிடித்தும் அந்தக் கூட்டத்து ஆள்தான் என்பதை மறக்கக்கூடாது. பிராங்க்ளின் அவசரப்படவில்லை. மெரிடித் தரப்பு தன் வாக்கைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கும்வரை தானாகப் பிரிவதில்லை என்றார். பிறகு மெரிடித்தே, "நான் விவசாயத்துக்குப் பிறந்தவன், வட கரோலினாவுக்குப் போகிறேன், கடனை ஏற்றுக்கொள், என்னை விட்டுவிடு" என்று சொல்ல, 1730-ல் கூட்டு கலைந்தது. இரண்டு நண்பர்களில் ஒருவரை மட்டும் விட்டால் மனஸ்தாபம் வரும் என்று ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொண்டார். சங்க வாழ்க்கையின் சூட்சுமம் இந்தப் 'பாதி பாதி'யில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எல்லாம் இப்படியே நடந்தது என்றும் சொல்வதற்கில்லை. பத்திரிகை ஆரம்பிக்கப்போகும் ரகசியத்தை பிராங்க்ளின் ஜார்ஜ் வெப்பிடம் சொன்னார். அவர் அதைக் கெய்மரிடம் போய்ச் சொல்லிவிட, கெய்மர் முந்திக்கொண்டு 1728 கடைசியில் தானே ஒரு பத்திரிகை தொடங்கிவிட்டார். வஞ்சனை சபைக்குள்ளிருந்தே வந்தது. பிராங்க்ளின் சண்டைக்குப் போகவில்லை. போட்டிப் பத்திரிகையில் தானும் பிரெயின்ட்னாலுமாகத் தொடர்ந்து சுவையான கட்டுரைகள் எழுதி ஊரின் கவனத்தை அந்தப் பக்கம் திருப்பினார். தொண்ணூறு சந்தாதாரரைத் தாண்டாத கெய்மர், 1729-ல் பத்திரிகையை பிராங்க்ளினுக்கே சொற்ப விலைக்கு விற்றார். அதுதான் பிற்பாடு புகழ்பெற்ற பென்சில்வேனியா கெஸட்.

இனி, சொந்தத் தொழிலைத் தாண்டி ஊருக்கு என்ன செய்தார்கள் என்று பார்க்கவேண்டும். முதலில் அவரவர் புத்தகங்களைக் கூட்ட அறையில் ஒன்றாக வைத்தார்கள். சரியாகப் பராமரிக்க ஆளில்லாமல் ஒரு வருஷத்தில் அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். (எந்த ஊர் சங்க நூலகத்தின் கதை இது என்று கேட்காதீர்கள்.) அந்தத் தோல்வியிலிருந்துதான் 1731-ல் சந்தா நூலகம் பிறந்தது. 50 பேர், ஆரம்பத்தில் ஆளுக்கு 40 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு 10 ஷில்லிங். 'லைப்ரரி கம்பெனி ஆஃப் பிலடெல்பியா' என்ற அந்த நூலகம் இன்றும் ஆராய்ச்சி நூலகமாக நடக்கிறது.

ஊர்க்காவல் விஷயத்தில் பிராங்க்ளின் வாசித்த கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்காரர்கள் முறைவைத்து இரவுக் காவலுக்கு வரவேண்டும். வர முடியாதவர்கள் வருஷத்துக்கு ஆறு ஷில்லிங் கொடுத்தால் போதும். காவல் அதிகாரிகள் அந்தப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வாய்ச் சாராயத்துக்கு வரும் உதவாக்கரைகளைக் காவலுக்கு நிறுத்தினார்கள். பிராங்க்ளின் கேட்டது ஊழலைப் பற்றி மட்டுமல்ல. மொத்தமே ஐம்பது பவுன் சொத்துள்ள ஏழை விதவையும், கிடங்கில் ஆயிரக்கணக்கான பவுன் சரக்கு வைத்திருக்கும் வியாபாரியும் ஒரே ஆறு ஷில்லிங் கொடுப்பது என்ன நியாயம், சொத்துக்குத் தக்க வரி போடலாமே என்றார். சபை ஒப்புக்கொண்டது. சட்டமாவதற்குச் சில வருஷங்கள் ஆயின. தீ விபத்துகள் பற்றியும் முதலில் அங்கே ஒரு கட்டுரை வாசித்தார். 1736 டிசம்பர் 7 அன்று 30 பேரோடு யூனியன் தீயணைப்புக் கம்பெனி ஏற்பட்டது. தோல் வாளிகள், சாமான்களை வாரிப்போட்டு வெளியே கொண்டுவரப் பைகள், கூடைகள், மாதம் ஒரு கூட்டம். வராதவர்களிடம் வசூலித்த அபராதத்தில் ஏணியும் தீயணைப்பு இயந்திரமும் வாங்கினார்கள்.

சங்கம் வளர்ந்தால் வரும் பிரச்னையும் வந்தது. அங்கத்தினர்கள் தங்கள் நண்பர்களையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டார்கள். பன்னிரண்டு என்ற எண்ணைத் தாண்டக்கூடாது என்று எதிர்த்தவர்களில் பிராங்க்ளின் ஒருவர். ஆனால் வெறுமனே மறுத்துவிடவில்லை. 1736-ல் அவர் சொன்ன யோசனை: ஒவ்வொருவரும் போய்த் தனியாக ஒரு கிளைச் சபை ஆரம்பியுங்கள், அதே கேள்விகள், அதே விதிகள், ஜுன்டோவோடு உள்ள தொடர்பை மட்டும் சொல்லவேண்டாம். ஐந்தாறு சபைகள் அப்படி ஏற்பட்டன. கொடி, ஐக்கியம், கட்டு என்ற பொருளில் அவற்றுக்குப் பெயர்கள். ஊர்க்காவல் யோசனையை எல்லாச் சபைகளிலும், அங்கங்கே தானாக எழுந்ததுபோல் பேசவைத்தார்கள். இந்த ரகசியம் எனக்கு ஒப்பவில்லை. தகுதியில்லாதவர்கள் சிபாரிசோடு வந்து நின்றால் மறுக்கச் சங்கடம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இருந்தாலும், பொதுக் கருத்தை இப்படித் திரைமறைவில் உருவாக்குவதற்கும் சூழ்ச்சிக்கும் இடையே மெல்லிய கோடுதான். இன்னும் கனமான குறை ஒன்றும் உண்டு. புதிய அங்கத்தினர் நெஞ்சில் கைவைத்து, தொழிலோ மதமோ பாராமல் மனிதர் எல்லோரையும் நேசிக்கிறேன் என்று உறுதி சொல்லவேண்டும். அதே பிராங்க்ளினின் பத்திரிகையில் அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் வந்தன; அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். அந்த உறுதிமொழியின் முழு அர்த்தம் அவருக்கு விளங்க அறுபது வருஷம் ஆயிற்று. 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790-ல், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, அமெரிக்க காங்கிரஸுக்குப் போன மனுவில் கையெழுத்திட்டார். "எல்லோரையும்" என்று வாயால் சொல்லிவிட்டு உள்ளே ஒரு வேலி வைத்துக்கொள்வது எந்தச் சங்கத்துக்கும், நம்முடையதுக்கும், சுலபம்தான்.

ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் இந்த முறை பிறகு பல உருவங்கள் எடுத்தது. 1905 பிப்ரவரியில் சிகாகோவில் வக்கீல் பால் ஹாரிஸ் ஆரம்பித்த ரோட்டரி, ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்று விதி வைத்தது. இன்று நம் நகரங்களில் காலைச் சிற்றுண்டியோடு விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ளும் குழுக்களும் அந்த வம்சம்தான். நம் பக்கத்தில் திருவல்லிக்கேணி லிட்டரரி சொஸைட்டியில் பேசிப் பழகிய ஆறு இளைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி. சுப்ரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் இவர்களில் முக்கியமானவர்கள். முத்துஸ்வாமி ஐயர் ஹைகோர்ட் நீதிபதியானதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் தாக்கியது பொறுக்காமல், ஒண்ணே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-ல் 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அதுதான் ஹிந்து. அதே பேட்டையில் 1904-ல் கூட்டுறவுப் பண்டகசாலையும் எழுந்தது. இவர்கள் ஜுன்டோவைப் பார்த்துச் செய்ததாகச் சொல்ல ஆதாரமில்லை. வாராவாரம் கூடிப் பேசுகிற இடத்தில் இவை தாமாகவே முளைக்கின்றன.

ஜுன்டோ ஏறக்குறைய நாற்பது வருஷம் நடந்தது. பழைய அங்கத்தினர்கள் ஒவ்வொருவராகக் காலமானார்கள். பார்சன்ஸும் பாட்ஸும் மறைந்த செய்தி கேட்டு 1758-ல் லண்டனிலிருந்து பிராங்க்ளின், சபையின் இன்னோர் அங்கத்தினரான ஹ்யூ ராபர்ட்ஸுக்கு எழுதிய கடிதம் உருக்கமானது: பார்சன்ஸ் புத்திசாலி, வசதியிலும் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார், பாட்ஸ் ஏழை, ஆனாலும் சிரித்துக்கொண்டே இருந்தார் என்று. அதற்குள் பென்சில்வேனியா அரசியல் இரண்டு பட்டிருந்தது. மாகாணத்தைப் பென் குடும்பத்தாரிடமிருந்து எடுத்து மன்னரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்சி ஒன்று, வேண்டாம் என்ற கட்சி ஒன்று. 1764 தேர்தலில் பிராங்க்ளினே தோற்றுப்போனார். ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குள் கசப்பு வந்தது. ராபர்ட்ஸ் கூட்டத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். 1765 ஜூலையில் பிராங்க்ளின் அவருக்கு மறுபடியும் எழுதினார். அரசியல் மனஸ்தாபங்களின் சாயல் அங்கே சில சமயம் தெரிந்தாலும் பரவாயில்லை, கூட்டத்துக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருங்கள் என்றார். மன்னரின் ராஜ்யத்திலேயே மிகப் பழைய சபைகளில் ஒன்றாக இருக்கலாம் இது என்று சொல்லி, நாற்பது வருஷம் நிறைய இன்னும் இரண்டே வருஷம் பாக்கி என்று கணக்கும் போட்டிருக்கிறார்.